கலைவிழாவும் வேலைவாய்ப்பு முகாமும்: பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுநிலைப் படிப்பில் சேர்ந்த முதல் பருவத்தில் எனக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. கலைவிழாவில் நாடகம் போட வேண்டும். வேலைவாய்ப்பு முகாமில் நான்கு நிறுவனத்தாரிடமாவது நேரில் பேச வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. நாடகக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பங்கேற்பாளர் பட்டியல் கொடுக்க வேண்டிய நாள் அதற்குள் தாண்டிவிட்டது. ஒத்திகையில் வசனம் சொன்னவன் விழாவன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முகாமுக்குப் பதிவே செய்ய முடியவில்லை. இரவு பதினொன்றே முக்காலுக்கு ரெஸ்யூமேவைப் பதிவேற்ற உட்கார்ந்தபோது, பதிவு மாலை 5 மணியோடு முடிந்துவிட்டதாகத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

அதன் பிறகு வந்த பருவங்களில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இடத்துக்கு இடம் விதிகளும் படிவங்களின் பெயர்களும் மாறும். ஆனால் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் அநேகமாக இவைதான்.

1. போஸ்டரில் இல்லாத தேதிகளை முதலில் தேடுங்கள்

போஸ்டரில் பெரிய எழுத்தில் இருப்பது நிகழ்ச்சி நடக்கும் நாள். உங்களுக்கு வேண்டியது அதற்கு முன்னால் வரும் தேதிகள். ஒரு கலைவிழா என்றால் பெயர் கொடுக்கும் நாள், தேர்வுச் சுற்று, குழுப் பட்டியல் கொடுக்கும் நாள், பாடல் கோப்பு ஒப்படைக்கும் நாள், மேடை ஒத்திகை என்று ஐந்தாவது இருக்கும். வேலைவாய்ப்பு முகாம் என்றால் பதிவு, ரெஸ்யூமே பதிவேற்றம், தகுதிச் சரிபார்ப்பு, முகாம், அதை ஒட்டி வரும் நேர்காணல் நாள். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் மீதி எல்லாம் வீண்.

அறிவிப்பு வந்த அன்றே இந்தத் தேதிகளைப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். "நிகழ்ச்சி எப்போது?" என்று கேட்காதீர்கள். "இதில் கலந்துகொள்ள நான் என்னென்ன கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் எது?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் பாதி வேலை முடிந்துவிடும்.

கேட்ட தேதிகளை நாட்காட்டியில் போடும்போது ஒவ்வொன்றையும் இரண்டு நாள் முன்னதாகவே போடுகிறேன். கடைசி நாளில் தளம் திணறும், கையொப்பமிட வேண்டியவர் விடுப்பில் இருப்பார், அச்சு எடுக்கும் இடத்தில் கூட்டம் இருக்கும். இவை எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

நேரத்தில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, "கடைசி நாள் 15" என்றால் அன்று நள்ளிரவு வரை என்று நாமாக நினைத்துக்கொள்வது. அலுவலகம் மூடும் நேரத்தோடு பதிவு முடியும் இடங்கள் நிறைய. இரண்டாவது, "15-ம் தேதி நள்ளிரவு 12 மணி" என்ற வாசகம். அது 15-ம் தேதி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? எழுதியவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சந்தேகம் இருந்தால் 14-ம் தேதி மாலைக்குள் முடித்துவிடுங்கள். மூன்றாவது, வெளிநாட்டு நிறுவனங்கள் நடத்தும் இணையவழி அறிமுகக் கூட்டங்கள். கோடைகால நேரம் பின்பற்றும் நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. சென்ற மாதம் 7 மணிக்கு வந்த கூட்டம் இந்த மாதம் 6 மணிக்கோ 8 மணிக்கோ வரலாம். அழைப்போடு வரும் நாட்காட்டி இணைப்பை அழுத்திச் சேர்த்துக்கொண்டால் உங்கள் ஃபோனே சரியான நேரத்தைக் காட்டும். கையால் கணக்குப் போட வேண்டாம்.

2. செய்தி எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

கலைவிழாச் செய்தி மாணவர் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும். வேலைவாய்ப்புச் செய்தி பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு மட்டுமே வரும். இது தெரியாமல் நான் என் சொந்த ஜிமெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக மின்னஞ்சலைத் திறந்தபோது படிக்காத கடிதங்கள் நூற்றுக்கும் மேல் கிடந்தன. அவற்றில் மூன்று எனக்காகவே எழுதப்பட்டவை.

முதல் வாரத்திலேயே பல்கலைக்கழக மின்னஞ்சலை ஃபோனில் இணைத்துவிடுங்கள். வேலைவாய்ப்பு மையத்தின் தளத்தில் கணக்கைத் திறந்து, படிப்பு, ஆண்டு, முடிக்கும் மாதம் எல்லாவற்றையும் நிரப்புங்கள். பாதி நிரப்பிய கணக்குக்கு அறிவிப்பே வராத தளங்கள் உண்டு. பிறகு துறை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை. இந்தக் காலத்திலும் சில படிவங்கள் அங்கே மட்டும்தான் ஒட்டப்படுகின்றன. வாரம் ஒரு முறை அந்தப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரையாவது பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். "போன வருஷம் இது எந்த மாதம் நடந்தது?" என்று கேட்டாலே அறிவிப்பு வருவதற்கு முன்பே நீங்கள் தயாராகத் தொடங்கலாம்.

3. ஆவணங்களை ஒரே கோப்புறையில் சேர்த்துவையுங்கள்

கலைவிழாவுக்கும் முகாமுக்கும் கேட்கப்படும் ஆவணங்கள் முக்கால்வாசி ஒன்றேதான். மாணவர் அடையாள அட்டை, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், நீங்கள் இங்கே படிக்கிறீர்கள் என்று பல்கலைக்கழகம் தரும் போனஃபைட் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள். வேறு கல்லூரி விழாவுக்குப் போவதானால் துறைத் தலைவரின் அனுமதிக் கடிதமும், அவர்கள் பெயர் போட்டு அனுப்பிய அழைப்பின் நகலும் வேண்டும். முகாமுக்கு ரெஸ்யூமே. வெளிநாட்டில் மாணவர் விசாவில் படிக்கிறவர்கள் விசா நகலையும், எவ்வளவு நேரம், எந்த வகை வேலை செய்யலாம் என்ற அனுமதி விவரத்தையும் சேர்த்துவைக்க வேண்டும். நிறுவனத்தார் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைக் கேட்பார்கள்.

இவற்றில் தாமதமாகக் கிடைப்பது போனஃபைட் சான்றிதழ்தான். விண்ணப்பம், கட்டணம், கையொப்பம், முத்திரை என்று பல நாள் இழுக்கும். பருவத் தொடக்கத்திலேயே இரண்டு பிரதி வாங்கிவிடுங்கள். "எதற்காக?" என்ற இடத்தில் ஒரு போட்டியின் பெயரை எழுதினால் அதை வேறு எதற்கும் கொடுக்க முடியாது. பொதுவான காரணத்தை ஏற்பார்களா என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

புகைப்படத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம் என்று கேட்டால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அது 413-க்கு 531 பிக்சல். அந்த அளவில் ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டால் கோப்பும் சிறிதாக இருக்கும், தளமும் ஏற்கும். ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அது படங்களை ஹெச்.இ.ஐ.சி. என்ற வடிவில் சேமிக்கிறது. பல விண்ணப்பத் தளங்களுக்கு அந்த வடிவம் தெரியாது. காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பும். கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஜேபெக் வடிவில் கிடைக்கும்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. ஓர் ஆவணத்தில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக. மனிதர்களுக்குப் புரியும், தளத்துக்கு மூன்றும் மூன்று ஆட்கள். மாணவர் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் வேறுமாதிரி இருந்தால் இப்போதே அலுவலகத்தில் கேட்டுத் திருத்தப் பாருங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.

கோப்புகளுக்கு வைக்கும் பெயர் பார்த்ததும் புரிய வேண்டும். "ஸ்கேன் 0047" என்று அனுப்பினால் அது யாருடையது என்று தேட அங்கே யாருக்கும் நேரமில்லை. உங்கள் பெயர், பதிவு எண், ஆவணத்தின் பெயர், இந்த வரிசையில் இருந்தால் போதும்.

4. கலைநிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்கும் முன்

விதிமுறைத் தாளை முழுதாகப் படியுங்கள். குழுவில் குறைந்தது எத்தனை பேர், அதிகபட்சம் எத்தனை பேர், பக்கவாத்தியக்காரர்கள் அந்தக் கணக்கில் வருவார்களா, ஒருவர் எத்தனை போட்டிகளில் கலந்துகொள்ளலாம் என்பவை அதில் இருக்கும். எட்டுப் பேர் வரை என்று போட்டிருந்த குழு நடனத்துக்கு ஒன்பது பேராகப் பயிற்சி எடுத்து, விழாவுக்கு முதல் நாள் ஒருவரை நிறுத்த வேண்டிய நிலை வந்ததைப் பார்த்தேன். இரண்டு மாதம் ஆடிய பெண் உடை மாற்றும் அறையின் ஓரத்தில் மற்றவர்களுக்குப் பின் குத்திவிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எந்தக் குழுவில் சேர்ந்தாலும் விதிமுறைத் தாளை முதலில் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

மேடை நேரம் என்பது உங்கள் நிகழ்ச்சியின் நேரம் மட்டுமல்ல. பத்து நிமிடம் என்றால் பொருள்களை மேடைக்குக் கொண்டுவருவது, மைக்கைச் சரிசெய்வது, முடிந்ததும் இடத்தைக் காலி செய்வது எல்லாம் அதற்குள் அடங்குகிறதா என்று கேளுங்கள். அடங்கும் என்றால் உங்கள் நாடகம் ஏழு நிமிடம்தான். மணி அடித்த பிறகும் நீடித்தால் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

பாடல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபோனிலும் வையுங்கள். இணையத்திலிருந்து நேரடியாக ஓடவிடலாம் என்று நம்பி மேடை ஏறாதீர்கள். அரங்கத்தில் ஆயிரம் ஃபோன்கள் ஒரே வைஃபையை இழுத்துக்கொண்டிருக்கும். கோப்பின் முதல் இரண்டு வினாடி மௌனமாக இருக்கட்டும். ஒலிக்கட்டுப்பாட்டாளர் பொத்தானை அழுத்திய அந்த நொடியில் பாடல் தொடங்கினால் முதல் அடி போய்விடும்.

பாடலுக்கும் படத்துக்கும் உரிமை யாரிடம் என்பதையும் பாருங்கள். பொது அரங்கில் ஒலிபரப்பவும் திரையிடவும் தனி உரிமம் வேண்டும். வீட்டில் பார்க்கக் கட்டும் நெட்ஃப்ளிக்ஸ் சந்தா சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். அதைக் கொண்டு அரங்கத்தில் படம் போட முடியாது. பல்கலைக்கழகம் உரிமம் எடுத்திருக்கிறதா, அது உங்கள் நிகழ்ச்சிக்குப் பொருந்துமா என்று விழாக் குழுவிடம் எழுத்தில் கேட்டுவாங்குங்கள். நெருப்பு, புகை, மேடையில் தண்ணீர் ஊற்றுவது ஆகியவற்றுக்கும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி ஒலித்தால் அரங்கம் முழுதும் காலியாகும்.

அரங்கம் முன்பதிவுதான் மிகவும் சிரமமானது. விழா நெருங்கினால் ஒத்திகை இடத்துக்கு எல்லோரும் மோதுவார்கள். பெயர் கொடுத்த அன்றே நான்கு ஒத்திகைகளுக்கு இடம் போட்டுவிடுங்கள்; வேண்டாம் என்றால் பிறகு விட்டுக்கொடுக்கலாம்.

5. பணம்: கையிலிருந்து போடும் முன் கேளுங்கள்

கலைவிழாவில் செலவு ஐந்து வழிகளில் வரும். நுழைவுக் கட்டணம், உடை வாடகை, அலங்காரம், போக்குவரத்து, தங்குமிடம். இதில் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. உடை வாடகையோடு ஒரு முன்பணமும் வாங்குவார்கள். உடை கிழிந்தாலோ தாமதமானாலோ அதில் பிடிப்பார்கள். விழா இரவு பதினொரு மணிக்கு முடியும், கடை மறுநாள் காலை பத்து மணிக்கு உடையைக் கேட்கும். யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முன்பே பேசிவையுங்கள்.

பல்கலைக்கழகம் செலவை ஏற்கும் என்று சொன்னால் சந்தோஷப்பட்டு வாங்கத் தொடங்காதீர்கள். செலவு செய்வதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தால்தான் பல இடங்களில் பணம் திரும்பி வரும். ஒத்துக்கொண்டேன் என்று பேராசிரியர் நடைபாதையில் தலையசைத்தது கணக்குப் பிரிவில் செல்லாது. நான் ஒரு முறை மேடைப் பொருள்களுக்குக் கையிலிருந்து போட்டுவிட்டு இரண்டு மாதம் அலைந்தேன். ரசீது இருந்தது, ஆனால் ஒப்புதல் கடிதத்தின் தேதி ரசீதின் தேதிக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பணம் வரவே இல்லை.

ரசீது வாங்கும்போது பார்க்க வேண்டியவை: கடையின் பெயரும் முகவரியும், தேதி, வரி எண், ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக, மேலே பல்கலைக்கழகத்தின் பெயர். வெறும் துண்டுச்சீட்டில் மொத்தத் தொகை எழுதித் தந்தால் ஏற்கமாட்டார்கள். வெப்பத்தாளில் அச்சாகும் ரசீது சில மாதங்களில் வெளுத்துப்போகும். வாங்கியதும் படம் எடுத்துவையுங்கள்.

வேலைவாய்ப்பு முகாமுக்கு மாணவரிடம் கட்டணம் வாங்குவது அரிது. பதிவுக் கட்டணம் என்று பல்கலைக்கழகமே அறிவித்திருந்தால் அது வேறு. ஆனால் ஒரு நிறுவனம் வேலை உறுதி என்று சொல்லி முன்பணமோ, பயிற்சிக் கட்டணமோ, பின்னணிச் சோதனைக்குக் காசோ கேட்டால் உடனே வேலைவாய்ப்பு மையத்தில் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டலாம், நகலைக் கொடுக்கலாம், அசல் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

6. வேலைவாய்ப்பு முகாமுக்குத் தயாராவது

முதலில் தகுதி விதி. அரியர் இருந்தால் சேர்ப்பார்களா, எவ்வளவு மதிப்பெண் வேண்டும், எந்த ஆண்டில் படிப்பை முடிப்பவர்களுக்கு என்று பாருங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு வேலை கிடைக்காது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். உள்ளகப் பயிற்சிக்கு எடுக்கும் நிறுவனங்கள் அங்கே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த ஆண்டு உங்களுக்குப் பயம் இருக்காது.

வரும் நிறுவனங்களின் பட்டியல் முன்பே வெளியாகும். ஐம்பது இருந்தாலும் எட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, எந்த வேலைக்கு ஆள் கேட்கிறது, நீங்கள் கேட்கப்போகும் ஒரு கேள்வி, இவ்வளவையும் அரைப்பக்கத்தில் எழுதுங்கள். "உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது?" என்று போய்க் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ரெஸ்யூமே ஒரு பக்கம். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. இரண்டு பத்திகளாகப் பிரித்து, கட்டங்கள் போட்டு, ஐகான்கள் வைத்து அழகு செய்தால் அது வரிசை தெரியாமல் குழம்பும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி: பி.டி.எஃப். கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிகள் ஒழுங்காக வந்தால் மென்பொருளுக்கும் பெரும்பாலும் ஒழுங்காகப் போகும். ஃபோன் எண்ணுக்கு நடுவில் பட்டப்படிப்பின் பெயர் வந்தால் வடிவமைப்பை மாற்றுங்கள். அச்சிடும்போது ஏ4 தாள் 210-க்கு 297 மி.மீ.; அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாள் 216-க்கு 279. ஒன்றுக்கு வடிவமைத்ததை மற்றொன்றில் எடுத்தால் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, பின்பக்கத்தை வெற்றாக விடுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாவது பருவ முகாமில் நான் பேசி முடித்ததும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என் தாளைத் திருப்பி, நீல மையில் இரண்டு சொற்கள் எழுதி, மூலையை மடித்து வலது பக்க அடுக்கில் வைத்தார். இடது பக்க அடுக்கில் மூலை மடிக்காத தாள்கள் கனமாக இருந்தன. இரண்டு நாள் கழித்து எனக்கு அழைப்பு வந்தது. அன்றைக்கு நூறு பேரைப் பார்த்தவர்கள் சாயங்காலம் உங்களை நினைவுபடுத்திக்கொள்வது அந்தக் குறிப்பை வைத்துத்தான். அவர்கள் எழுத இடம் வேண்டும்.

அறிமுகத்தை அரை நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். பெயர், படிப்பு, செய்த ஒரு வேலை, இங்கே வந்த காரணம். உதாரணமாக: "வணக்கம், நான் புள்ளியியல் முதுநிலை முதலாண்டு படிக்கிறேன். நூலகத்தில் புத்தகங்கள் எந்த வாரத்தில் அதிகம் எடுக்கப்படுகின்றன என்று மூன்று ஆண்டுத் தரவை ஆராய்ந்தேன். நீங்கள் தரவு ஆய்வுக்குப் பயிற்சி மாணவர்களை எடுப்பதாகப் பட்டியலில் பார்த்தேன். அந்தக் குழு என்ன மாதிரி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தேன்." கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், பிறகு நண்பரிடம். மனப்பாடமாக ஒப்பிப்பது போல இருந்தால் ஒரு வாக்கியத்தைக் குறையுங்கள்.

முகாமன்று கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மேசையில் இருப்பவர்களின் குரலே தளர்ந்திருக்கும். சிலர் முன்பே கிளம்பியும் விடுவார்கள். மிகவும் விரும்பும் நிறுவனத்துக்கு நேராகப் போகாமல், பட்டியலில் ஆறாவது ஏழாவதாக இருப்பவர்களிடம் முதலில் பேசுங்கள். நாக்கு இளகும். மூன்றாவதாக உங்கள் முதல் விருப்பத்திடம் போங்கள். ஒவ்வொரு மேசையை விட்டு நகர்ந்ததும் ஓரமாக நின்று, பேசியவரின் பெயர், அவர் சொன்ன ஒரு விஷயம், அடுத்து என்ன செய்யச் சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மேசை தாண்டினால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

முகாமுக்கு அடுத்த நாளைக் காலியாக வையுங்கள். பிடித்திருந்தால் மறுநாளே நேர்காணலுக்குக் கூப்பிடும் நிறுவனங்கள் இருக்கின்றன.

7. இரண்டும் ஒரே நாளில் வந்தால்

வரும். விழாக் குழுவும் வேலைவாய்ப்பு மையமும் ஒருவரையொருவர் கேட்டுத் தேதி வைப்பதில்லை. இரண்டு நாட்காட்டியையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒரு மாதம் முன்பே மோதல் தெரியும். அப்போது கேட்டால் மேடை வரிசையில் உங்களைப் பிற்பகலுக்கு மாற்றித் தருவார்கள். நிறுவனம் நேர்காணல் நேரத்தைத் தள்ளி வைக்கும். முதல் நாள் கேட்டால் இருவராலும் முடியாது.

மாற்றவே முடியாத நிலை என்றால் என் கருத்து இது: குழு நிகழ்ச்சிக்கு வாக்குக் கொடுத்துவிட்டால் அதைக் கைவிடாதீர்கள். நிறுவனத்துக்கு முன்கூட்டியே நேர்மையாக எழுதி வேறு நேரம் கேளுங்கள். தனி நிகழ்ச்சி என்றால் நேர்காணலுக்குப் போங்கள். அதில் உங்களைத் தவிர வேறு யாரும் பாதிக்கப்படமாட்டார்கள்.

வகுப்புக்குப் போக முடியாத நாள்களுக்கு வருகைப்பதிவு விலக்குக் கடிதம் வேண்டும். சில இடங்களில் இதை ஓ.டி. என்பார்கள். நிகழ்ச்சிக்கு முன்பே கொடுங்கள். ஒத்திகை நாள்களுக்கும் விலக்கு உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் நிகழ்ச்சி நாளுக்கு மட்டும்தான். ஒத்திகைக்காக வகுப்பை விட்டு, பருவ முடிவில் வருகை குறைந்து தேர்வெழுத முடியாமல் நின்றவர்கள் உண்டு.

8. மேடை ஏற விருப்பமில்லை என்றால் தன்னார்வலராகச் சேருங்கள்

இதை நான் எல்லோருக்கும் சொல்வேன். வேலைவாய்ப்பு முகாமுக்கே தன்னார்வலர்கள் தேவைப்படுவார்கள். நிறுவனத்தாரை வாசலில் வரவேற்று மேசைக்கு அழைத்துப்போவது, பதிவு மேசையில் உட்காருவது, சாமான்களை இறக்குவது போன்ற வேலைகள். வரிசையில் நிற்பவருக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் இடத்தில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட நடப்பவருக்குப் பத்து நிமிடம் கிடைக்கும்.

கலைவிழாவில் பழகும் வேறு துறை ஆட்களும் வேலைக்கு உதவுவார்கள். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர் நெருங்கிய நண்பரிடமிருந்து அல்ல, எப்போதாவது பார்க்கும் அறிமுகத்தாரிடமிருந்தே அந்தச் செய்தியைப் பெற்றிருந்தார்கள். 2022-ல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. உங்கள் அறை நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஒளியமைப்பில் கூட வேலை செய்த இயந்திரவியல் மாணவருக்கு வேறொரு உலகம் தெரியும். விழா முடிந்ததும் அவர்களை லிங்க்ட்இனில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்த வேலையை ரெஸ்யூமேவில் எழுதும்போது "கலைவிழாத் தன்னார்வலர்" என்று மட்டும் விட்டால் ஒன்றும் புரியாது. சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்ற நான்கையும் எழுதுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் உங்களுக்குக் கீழே வேலை செய்தார்கள், கொடுத்த தொகைக்குள் முடித்தீர்களா என்ற எண்களை விழா நடக்கும்போதே குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எடுக்க முடியாது. நேர்காணலிலும் இதே வரிசையில் பேசினால் பதில் சிதறாது.

9. முடிந்த மறுநாள் செய்ய வேண்டியவை

முகாமில் பேசியவர்களுக்கு ஒரு நாளுக்குள் நன்றி எழுதுங்கள். நான்கு வரி போதும். அவர் சொன்ன ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு எழுதினால்தான் யார் என்று அவருக்கு நினைவு வரும். இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தால் முதலில் விண்ணப்பித்துவிட்டு, விண்ணப்ப எண்ணையும் அதில் சேருங்கள்.

உடையைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை எண்ணி வாங்குங்கள். கொடுக்கும்போது உடையின் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கை அந்த வாரத்திலேயே ஒப்படையுங்கள். நிதியாண்டு முடிவு குறுக்கே வந்தால் பழைய ஆண்டின் செலவைப் புதிய ஆண்டில் ஏற்பது கடினம். ஒப்புதல் கடிதம் மேலே, ரசீதுகள் தேதி வரிசையில் கீழே, மொத்தத் தொகை ஒரு தாளில். ஒப்படைத்ததற்கு முத்திரையிட்ட நகலை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், பதிவு எண், நிகழ்ச்சியின் பெயர், தேதி நான்கையும் அந்த மேசையிலேயே நின்று படியுங்கள். பிழை இருந்தால் அப்போதே சொல்லுங்கள். விழாக் குழு கலைந்த பிறகு கையொப்பமிட யாரும் இருக்கமாட்டார்கள். ஸ்கேன் எடுத்து, முன்பு சொன்ன கோப்புறையிலேயே போட்டுவையுங்கள்; அடுத்த பருவத்துப் பதிவுக்கு அது தேவைப்படும்.